'ம்' கொட்டும் இடம்

(குழந்தைகளுக்காக எழுதுவோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் கதை சொல்லும் பெரியவர்கள் தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனை போடுவார்கள். "ம் கொட்டணும். கொட்டினாத்தான் சொல்லுவேன்." பிள்ளையும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ம்' என்று சொல்லிக்கொண்டே வரும். 'ம்' நின்றுபோனால் ஒன்று பிள்ளை தூங்கிவிட்டது, இல்லை கதை பிடிபடவில்லை. சொல்பவர் உடனே குரலை மாற்றுவார். நடந்ததை வேறு மாதிரி இன்னொரு முறை சொல்வார். பேய் வருகிற இடத்தைக் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவருவார்.

புத்தகம் எழுதுகிறவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவருடைய வாக்கியம் அச்சாகி எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து அலமாரிக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு பிள்ளை அதைத் திறந்து, மூன்றாவது வரியில் 'ம்' நின்று, மூடி வைத்துவிட்டால் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே எழுதும்போதே அந்த 'ம்' எங்கே விழும் என்று காதில் கேட்டுக்கொண்டு எழுத வேண்டும். குழந்தை நூலின் தெளிவு, சுவை இரண்டுமே இதில் அடக்கம் என்பது என் நம்பிக்கை. இன்று நான் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

முதலில் பாட்டிமார் கதை சொல்லும் முறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். நானே ஒன்று சொல்கிறேன். "ஒரு ஊருல ஒரு தாத்தா. தாத்தா சந்தைக்குப் போனாராம். போனா, வழியில ஒரு ஆறு. ஆத்துல இறங்கினாராம். இறங்கினா, காலை ஏதோ கடிச்சுது." இதில் என்ன நடக்கிறது? 'போனாராம்' என்று முடிந்த இடத்திலிருந்து 'போனா' என்று அடுத்தது தொடங்குகிறது. 'ஆறு' என்று முடிந்ததை 'ஆத்துல' என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு புதுச் செய்தி. பழையது அதே வாக்கியத்தின் முதல் சொல்லில் நிற்பதால், கேட்கிறவர் எதையும் ஞாபகத்தில் சுமக்க வேண்டியதில்லை. 'இறங்கினா' என்று நிறுத்தும்போது பிள்ளையின் மனசு 'இறங்கினா என்ன?' என்று முன்னால் ஓடிவிடுகிறது.

இதே செய்தியை நம்மில் பலர் எப்படி எழுதுகிறோம்? "சந்தைக்குச் செல்லும் வழியில் குறுக்கிட்ட ஆற்றிலிறங்கிய தாத்தாவின் காலை ஏதோவொன்று கடித்துவிட்டது." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு இது ஒரு மூச்சில் படிக்கிற வாக்கியம். ஆனால் தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதுவரை வந்த சந்தை, வழி, ஆறு, தாத்தா, கால் எல்லாவற்றையும் பிள்ளை கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். 'கடித்துவிட்டது' என்ற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் சந்தையும் ஆறும் கையை விட்டுப் போயிருக்கும். அதைவிட முக்கியமானது: இந்த வாக்கியத்தில் 'ம்' கொட்ட இடமே இல்லை.

எச்சங்களை அடுக்கி எழுதுவது நம் மொழியின் அழகுகளில் ஒன்று. நான் அதற்கு எதிரி இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் ஆறு, ஏழு வயதுக்கு அது வேண்டாம். அந்த வயதுக்கு எழுதுகிறவர் பாட்டியிடம் இருந்து வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். இது வேறு மொழியிலிருந்து இரவல் வாங்க வேண்டிய உத்தியில்லை. நம் வீட்டிலேயே இருக்கிறது.

ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். நாம் சொல்லை முழுதாகப் பார்த்த உடனே படித்துவிடுகிறோம். பிள்ளை எழுத்து எழுத்தாகச் சேர்க்கிறது. 247 எழுத்துகள் என்று எண்ணிக்கை சொன்னாலும், உயிர், மெய், குறிகள் பிடிபட்டால் மற்றவை வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் குறிகள் ஒலிக்கிற வரிசையில் வருவதில்லை. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. 'கௌ'வின் கடைசிக் குறியைப் பார்த்தால் 'ள' மாதிரியே இருக்கிறது. அச்சில் 'ர்', 'ரி' போன்றவற்றில் ரகரத்தின் கீழ்ச்சாய்வை விட்டுவிடும் எழுத்துருக்கள் உண்டு. அவற்றில் அது ரகரமா துணைக்காலா என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. இத்தனையையும் கடந்துதான் பிள்ளை ஒரு சொல்லைச் சேர்த்து முடிக்கிறது. முடித்த கணத்தில் அந்தச் சொல் தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் என்று கண்டுகொண்டால் அதன் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசிப்பின் முதல் இன்பம் அதுதான். கதை அதற்குப் பிறகு.

அந்த இன்பத்தைப் பறிக்கிற ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'மரமொன்றிலமர்ந்திருந்த காகம்' என்று எழுதுகிறோம். மரம் பிள்ளைக்குத் தெரியும். ஒன்று தெரியும். அமர்ந்தது என்றாலும் புரிந்துகொள்ளும். ஆனால் சேர்த்து எழுதிய அந்தச் சொல்லில் இவற்றில் எதுவுமே கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. மரத்தின் கடைசி எழுத்து 'மொ' ஆகிவிட்டது. 'ஒ'வைக் காணோம். 'அ'வைக் காணோம். தெரிந்த மூன்று சொற்களைத் தெரியாத ஒரே சொல்லாக மாற்றிவிட்டோம். "ஒரு காகம் மரத்தில் உட்கார்ந்திருந்தது" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

புணர்ச்சியே வேண்டாம் என்கிறாரா இவர் என்று தமிழாசிரியர்கள் சிலர் நினைக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 'சந்தைக்குப் போனார்' என்பதில் அந்த 'ப்' இருக்கத்தான் வேண்டும். பிள்ளையின் வாயே அதை அப்படித்தான் சொல்கிறது, எடுத்துவிட்டால்தான் இடறும். வாய் இயல்பாகச் சேர்க்கிற இடத்தில் எழுத்தும் சேரட்டும். எழுதுகிறவரின் பழக்கத்துக்காக மட்டும் சேர்கிற இடத்தில் பிரித்துவிடுவோம். சத்தம் போட்டுப் படித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அச்சுக்கூடத்துக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகைப் பத்தி மாதிரி இரண்டு பக்கமும் வரி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லை நடுவில் முறித்து, 'கொண்டி' என்று ஒரு வரியிலும் 'ருந்தான்' என்று அடுத்த வரியிலும் போடாதீர்கள். வலது ஓரம் ஏறியும் இறங்கியும் இருக்கட்டும். மூச்சு நிற்கிற இடத்தில் வரி நின்றால் போதும். அடர்ந்த படத்தின் மேல் எழுத்தை ஏற்றாதீர்கள். எழுத்துக்கென்று வெள்ளையாக ஓர் இடம் விடுங்கள்.

இனி சொற்களைப் பற்றி. எளிய நூல் என்றால் சொற்களைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து உலகம் முழுவதும் இருக்கிறது. அதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் டாக்டர் சூஸ். அமெரிக்கப் பள்ளிகளின் வாசிப்புப் பாடநூல்கள் சப்பென்று இருக்கின்றன என்று 1954-இல் ஜான் ஹெர்சி 'லைஃப்' இதழில் எழுதினார். அந்தச் சூழலில் ஒரு பதிப்பாளர் சூஸிடம் சொற்பட்டியலைக் கொடுத்து, அதற்குள் நின்று ஒரு கதை எழுதச் சொன்னார். 1957-இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்' நூலில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தான். மூன்று ஆண்டு கழித்து ஐம்பதே சொற்களில் இன்னொரு புத்தகம் செய்தார். இதைப் படித்துவிட்டு நம்மிடமும் சொற்பட்டியல் போட்டு எழுதலாம் என்று சிலர் முயல்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் கீழே வைக்காததற்குக் காரணம் 236 என்ற எண் இல்லை. வெளியே மழை. அம்மா வீட்டில் இல்லை. அழைக்காமலே ஒரு பூனை உள்ளே வந்து வீட்டைத் தலைகீழாக்குகிறது. அம்மா திரும்பி வருவதற்குள் என்ன ஆகும் என்கிற பதைப்புதான் பக்கத்தைப் புரட்டவைக்கிறது. பாடநூல்களில் இல்லாமல் போனது அந்தப் பதைப்புதான். இரண்டாவது, நம் மொழியின் கட்டமைப்பு வேறு. 'வா' என்பது ஒரு சொல் என்று பட்டியலில் எழுதலாம். ஆனால் பக்கத்தில் அது வந்தான், வருகிறாள், வராதே, வந்துவிடுவாயா என்று வரும். பிள்ளையின் கண்ணுக்கு இவை நான்கு சொற்கள். ஆகவே தமிழில் சொற்களை எண்ணுவதைவிட வினைமுடிவுகளைக் கட்டுக்குள் வைப்பதுதான் பயன் தரும். 'வந்தது', 'நின்றது', 'பார்த்தது' என்று ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்தால், மூன்றாவது பக்கத்துக்குள் பிள்ளை அந்தப் பின்பாதியை எழுத்துக் கூட்டாமலே படித்துவிடும்.

பெயர்ச்சொற்களில் நாம் அஞ்ச வேண்டியதே இல்லை. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' நூலைப் பாருங்கள். பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி அலைகிற ஒரு கரிசல் காட்டுச் சிறுவனின் கதை. நாம் கேள்வியே படாத பறவைகளின் பெயர்கள் அதில் வருகின்றன. எந்தப் பிள்ளையும் அதனால் புத்தகத்தை மூடுவதில்லை. மாறாக, 'பறவை' என்று பொதுவாகச் சொன்னால் கிடைக்காத ஓர் ஆசை, சரியான பெயரைச் சொல்லும்போது பிறக்கிறது. பிள்ளைகள் பெயர்களைச் சேகரிக்கிறவர்கள். பேருந்து வகைகளையும் டைனோசர்களையும் வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைக்குக் கரிச்சான் கடினமான சொல்லா? பிள்ளையை இடறவைப்பவை பெரும்பாலும் நம் இணைப்புச் சொற்களும் அருவமான சொற்களும்தான். 'ஆகவே', 'எனினும்', 'சூழ்நிலை', 'ஏற்பட்டது' என்பவை. ஆறு வயதுக் கதையில் 'மகிழ்ச்சி ஏற்பட்டது' என்று வந்தால் நான் அடித்துவிடுவேன். அவள் குதித்தாளா, சிரித்தாளா, ஓடிப்போய் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டாளா? அதை எழுதுங்கள்.

பாட்டின் உதவியையும் மறந்துவிடக் கூடாது. அழ. வள்ளியப்பா 1922-இல் இராயவரத்தில் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதிக் குவித்தவர். அவருடைய பாடல்கள் தலைமுறை தாண்டி வாயில் நிற்பதற்கு ஓசைதான் காரணம் என்போம். வாசிப்புக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. எதுகை வருகிற பாட்டில், அடுத்த அடியின் முதல் சொல் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை பாதி ஊகித்துவிடுகிறது. ஊகித்ததைக் கண் சரிபார்க்கிறது. எழுத்துக் கூட்டும் பாரத்தில் பாதியை ஓசை தூக்கிக்கொள்கிறது. அதனால்தான் தடுமாறிப் படிக்கிற பிள்ளைகூடப் பாட்டை ஓட்டமாகப் படிக்கிறது. தொடக்க நிலை வாசிப்புக்குப் பாட்டைப் போல் நல்ல கருவி நம்மிடம் வேறில்லை. இன்று எழுத வருகிறவர்கள் எல்லோரும் கதையையே எழுதுகிறார்கள்; பாட்டெழுத ஆள் குறைந்துவிட்டது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ருஷ்ய மொழியில் கோர்னி சுக்கோவ்ஸ்கி 'இரண்டு முதல் ஐந்து வரை' என்றொரு நூல் எழுதினார். பிள்ளைகளின் பேச்சை ஆண்டுக் கணக்கில் குறித்துவைத்து, அதிலிருந்து அவர்களுக்காகப் பாட்டெழுதுவோருக்கு விதிகளை வகுத்தார். பாட்டின் ஒவ்வொரு கண்ணியும் ஓவியர் வரையக்கூடிய ஒரு காட்சியைத் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கதைக்கும் இது பொருந்தும். உங்கள் கையெழுத்துப் படியை இந்த ஒரு விதியை வைத்துப் பாருங்கள். வரைய எதுவுமே இல்லாத பத்திகள் எத்தனை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படத்தைச் சொன்னதால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். "சிவப்புச் சட்டை போட்ட பையன் மரத்தடியில் நின்றான்" என்று வரியில் இருக்கிறது. மேலே படத்திலும் சிவப்புச் சட்டை, பையன், மரம். படமோ வரியோ, இரண்டில் ஒன்று அங்கே சும்மா இருக்கிறது. 1963-இல் மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தில் சொற்கள் 338தான். அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட பையனின் கதை. முதல் பக்கங்களில் படம் சிறிதாக, சுற்றிலும் வெள்ளையோடு இருக்கிறது. பையனின் கற்பனை வளர வளரப் படமும் வளர்ந்து வெள்ளையைத் தின்றுகொண்டே போகிறது. பூதங்களோடு அவன் ஆடும் இடத்தில் மூன்று விரிப்புகளுக்கு எழுத்தே இல்லை. படிக்கத் தெரியாத பிள்ளையும் அந்த ஆறு பக்கங்களைத் தானே படித்துவிடும். பிள்ளையின் கோபத்தை அவர் கண்டிக்கவில்லை, அதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். தெளிவுக்கும் துணிச்சலுக்கும் உள்ள உறவை நான் அந்தப் புத்தகத்தில்தான் கண்டேன்.

எரிக் கார்லின் 'பசித்த கம்பளிப்புழு' என்ற பட நூல் 1969-இல் வந்தது. புழு தின்ற பழங்களில் உண்மையாகவே ஓட்டை. பக்கங்களின் அகலமும் கிழமைக்குக் கிழமை கூடுகிறது. அப்படி அச்சிட்டுத் தர அமெரிக்காவில் கட்டுப்படியாகிற அச்சகம் கிடைக்காமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். பிள்ளையின் விரல் அந்த ஓட்டைக்குள் போகிறது. அந்த விரலும் ஒரு 'ம்'தான். நம் பதிப்பாளர்களிடம் இவ்வளவு செலவு செய்யுங்கள் என்று கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டும் இடத்தை யோசியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். வலப்பக்கத்தின் கடைசி வரி "கதவைத் திறந்தாள். திறந்தால்..." என்று நிற்க வேண்டும். விடை மறுபக்கத்தில் இருக்க வேண்டும். கேள்வியும் விடையும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் கண் படத்துக்குப் போய் விடையை எடுத்துக்கொண்டுவிடும். இதற்குக் காசு செலவில்லை.

கதை முடிந்ததும் கட்டம் கட்டி 'நீதி' என்று போடுகிறோமே, அதைப் பற்றி என் கருத்து உறுதியானது: எடுத்துவிடுங்கள். ஆத்திசூடி அறிவுரை சொல்லவே எழுந்தது. அதை நேராகச் சொல்கிறது, ஒரு வரியில் முடிக்கிறது. அதன் பெருமை வேறு. கதையின் வேலை வேறு. தம்பியின் மிட்டாயைத் தின்றுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிற ஒரு பெண்ணைக் காட்டிவிட்டால் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதன்மேல் நாம் ஒரு வரி எழுதினால், உனக்குப் புரிந்திருக்காது என்று பிள்ளையிடம் சொன்னதாகத்தான் அர்த்தம். இப்படிப் பத்துக் கதை படித்த பிள்ளை பதினோராவது கதையில் சிரிக்காது. கடைசிக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே படிக்கும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வி இந்த அரங்கிலும் வரும். பேச்சில் எழுதினால் பிள்ளைக்கு எளிது என்பது பாதி உண்மை. 'போய்ட்டு வந்துடறேன்' என்பது காதுக்குத்தான் எளிது. எழுத்துக் கூட்டுகிற கண்ணுக்கு அது எளிதில்லை. யாருடைய பேச்சு என்பதும் இருக்கிறது. நெல்லைப் பிள்ளைக்கும் கோவைப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் பேச்சு வேறு வேறு. நான் கடைப்பிடிக்கும் வழி இது: கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும், ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவான சொற்களையும் பேச்சின் சொல்வரிசையையும் கொண்டு எழுதுங்கள். மரம், கல், வா, பார், அம்மா, ஓடு என்று இரண்டுக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். கதைமாந்தர் வாய் திறக்கும்போது அவரவர் ஊர்ப் பேச்சு வரட்டும். கேட்டுப் பழகிய குரல் என்பதால் பிள்ளை அந்த வரிகளை நடித்தே படிக்கும்.

மொழிபெயர்ப்பில் வருகிற பட நூல்கள் இப்போது பெருகியிருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்த பிறகு, யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் உரிமையோடு கதைகள் கிடைக்கின்றன. துலிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் ஒரே நூலைப் பல மொழிகளில் கொண்டுவருகின்றன. நல்ல காரியம். ஆனால் எதுகையோடு எழுதிய மூலத்தை உரைநடையாக இறக்கிவைத்தால் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பது அதன் எலும்புதான். அந்தப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு தமிழில் புதிதாக எழுதுங்கள்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் கொடுத்தார்கள். வகுப்பைப் பார்த்துக் கொடுக்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்துக் கொடுப்பது என்ற அந்த எண்ணம் மிகச் சரியானது. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு 'நுழை'யில் நிற்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாக்கியம் எளிதாக இருக்க வேண்டும், ஆனால் கதை பத்து வயதுக்கு உரியதாக இருக்க வேண்டும். பொம்மைக் கரடி தூங்கப்போகிற கதையைக் கொடுத்தால் அதற்கு அவமானம். இப்படிப்பட்ட புத்தகங்கள் நம்மிடம் மிகக் குறைவு. இந்த அரங்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்களே, உங்கள் உழைப்பு முதலில் தேவைப்படுகிற இடம் இதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் நேரே பதிப்பகத்துக்கு அனுப்பாதீர்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் அனுமதி கேட்டு, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிள்ளையை அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அது விட்டுவிட்ட பகுதியை எடுத்துவிடுங்கள், மாற்றிச் சொன்ன சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, அப்படி ஒருவர் உங்கள் வகுப்பு வாசலில் கையெழுத்துப் படியோடு வந்து நின்றால், ஒரு பாடவேளையை அவருக்குக் கொடுங்கள்.